மூன்று வெள்ளி நாற்பது காசு

உள்ளே வருவதைப் பற்று வை,
வெளியே செல்வதை வரவு வை.
பதினாறு ஆண்டு இந்த இரண்டு வரியில் சோறு தின்றேன்,
ஷென்டன் வேயில், இருபத்திரண்டாம் மாடியில்,
முகம் தெரியாத கோடிகளுக்கு.
ஒரு வெள்ளிக்கிழமை நானே வெளியே சென்றேன்.
மின்தூக்கி இறங்கும்போது விதி நினைவுக்கு வந்தது.
யாரும் என்னை வரவு வைக்கவில்லை.
கதவு திறக்கும் அட்டையை வாங்கிக்கொண்டு
கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.

இப்போது அலுவலகம்
ஈசூனில், சாப்பாட்டு மேசையின் பாதி.
மறுபாதி மகனின் அறிவியல் பயிற்சித்தாளுக்கும்
சம்பல் போத்தலுக்கும்.
மசேநி பற்றிக் கவலைப்படும் முதலாளி நான்,
காய்ச்சல் என்றால் முறைக்கும் முதலாளியும் நானே.
முதல் இன்வாய்சில் இருநூற்றைம்பது என்று அடித்து
நூற்றெண்பதாக்கி
எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து
இருநூற்றிருபதில் நின்றேன்.
அதென்ன இருநூற்றிருபது?
எந்தப் பேரேட்டிலும் பதில் இல்லை.

ஏர்கான் பழுதுபார்க்கும் ஹெங்
மைலோ டின் ஒன்றை என் கையில் வைத்தார்,
"எல்லாம் உள்ளே இருக்கு."
இருந்தது.
பெட்ரோல், செப்புக் குழாய், பார்க்கிங் அபராதம்,
ஒரு நாலு நம்பர் சீட்டு.
இது செலவில் வராது என்றேன்.
"அப்போ நஷ்டத்திலா?" என்றார்.
வேனின் முன்கண்ணாடி வெயிலில் கிடந்த ரசீதுகள்
வெளுத்துப் போயிருந்தன.
சன்னலோரம் சாய்த்துச் சாய்த்து,
தொட்டித் தண்ணீருக்கடியில் கிடக்கும் சில்லறையைப் போல
ஒவ்வோர் எண்ணாகப் பொறுக்கினேன்.

குவே விற்கும் சல்பியா
மார்ச் மாதம் முட்டையே வாங்கவில்லை.
நான் கேட்கவில்லை.
ஏப்ரல் உறைக்குள்
மருத்துவமனை வாகன நிறுத்தச் சீட்டுகள், பதினொன்று,
தவறி வந்திருந்தன.
ரப்பர் வளையம் போட்டுத் தனியே திருப்பிக் கொடுத்தேன்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் ஒரு டப்பா குவே லாப்பிஸ் வந்தது.
எந்தத் தலைப்பில் எழுத?
சாப்பிட்டுவிட்டேன்.

ஆண்டு முடிவில் ஹெங்கின் ஐந்தொகை ஒட்டவில்லை.
கைப்பணத்துக்கும் ஏட்டுக்கும் நடுவே
மூன்று வெள்ளி நாற்பது காசு.
பழைய இடமாயிருந்தால்
"சில்லறை வேறுபாடு" என்று ஒரு தட்டில் மூடியிருப்போம்,
அங்கே ஆயிரத்துக்குக் கீழே எல்லாம் சில்லறைதான்.
இங்கே இரவு மணி ஒன்று.
எதிர் புளோக்கில் இன்னும் ஒரு சன்னல் விழித்திருக்கிறது,
அங்கே யாருக்கு என்ன ஒட்டவில்லையோ.
டின்னைக் கவிழ்த்து அடியில் தட்டினேன்.
ஒட்டிக்கொண்டிருந்தது
டிஷ்யூ பொட்டலத்தின் கிழிந்த அட்டை.
பின்புறம் நீலப் பேனாவில்
தே ஓ கோசொங் ஒன்று, தே தாரே ஒன்று,
ஒரு தேதி,
எழுத்துப் பிழையோடு என் பெயர்.
பக்கத்தில்: அக்கவுண்டன்ட்.

முதல் சந்திப்பு.
நான் பர்சைத் தேடி முடிப்பதற்குள்
அவர் எழுந்துபோய்க் காசு கொடுத்திருந்தார்.
பதினாறு ஆண்டு என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு பணியாளர் எண்தான் இருந்தது.

உபசரிப்பு என்ற தலைப்பில்
பற்று வைத்தேன்.
ஒட்டியது.

பிறகு என் சொந்த ஏட்டைத் திறந்தேன்.
வரவேண்டியவை: ஹெங், இரண்டு மாதப் பாக்கி,
நானூற்று நாற்பது வெள்ளி.
காலையில் போன் செய்ய வேண்டும்.
கொஞ்சம் கண்டிப்பாகவே.