நிகர எடை

ஜீப் கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறது,
கூட்ஸ் போய்க்கொண்டிருக்கிறது என்று
யாரோ போன் செய்தார்கள்.
ஒரு கூட்ஸ் கடக்கிற நேரத்தில்
எத்தனை அட்டைப்பெட்டியை மாடிக்கு ஏற்ற முடியும்?
ஆறு பேர் ஏற்றினோம்.
நான் பதினொன்று.

வந்தவளின் கழுத்து அட்டையில் ஹெப்சிபா.
அதட்டவில்லை, உட்காரவுமில்லை.
முந்திரி மிக்சர் ஒன்றை எடுத்துக்
காதருகே ஆட்டிப் பார்த்துக்
கத்தரிக்கோல் கேட்டாள்.

வெட்டியதும் முதலில் வெளியே வந்தது
காலையில் நாங்கள் அடைத்த காற்று.
அப்புறம்தான் மிக்சர்.
நாற்பது கிராம் போட்ட இடத்தில்
முப்பத்தொன்று.
பேப்பரில் கொட்டிப்
பேனா மூடியால் கிளறினாள்.
கடலை, கடலை, ஓமப்பொடி,
கருகிய கறிவேப்பிலை.

முந்திரி எங்கே சார்?

படத்துல இருக்கு மேடம், என்றார் எத்திராஜுலு.
பவுலின் சிரித்துவிட்டாள்.
நானும்தான்.

படிக்கட்டில் கடலை மாவு.
மாவில் எங்கள் பாதங்கள், ஏறியும் இறங்கியும்.
யாரையும் கேட்காமல்
அதன் மேலேயே நடந்து போனாள்.

மகஜருக்கு சாட்சி வேண்டுமாம்.
வெளி ஆள் ஒருவரும் வரவில்லை,
டீக்கடைக்காரர் ஷட்டரையே இறக்கிவிட்டார்.
நீங்க போடுறீங்களா என்றாள்.
பெயர், அப்பா பெயர், தெரு, கதவு எண்.
கார்பனுக்கு அடியிலும் பதிய வேண்டும்,
அழுத்தி எழுதுங்க.
அழுத்தி எழுதினேன்.
அன்று என் மகன் டிபன் டப்பாவில்
அதே மிக்சர்தான் இருந்தது.
அதை எழுத மகஜரில் இடமில்லை.

மூன்று வாரம் பூட்டு.
அபராதம் கட்டித் திறந்தார்கள்.
தராசுக்குப் புது முத்திரை,
கவருக்குப் புது அச்சு.
முந்திரி எட்டும் அப்படியே இருக்கின்றன,
கீழ் மூலையில் மட்டும்
எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி:
படம் அலங்காரத்துக்கு மட்டும்.
பழைய கவர் இரண்டாயிரம் கிலோ மீதி.
அதில் அந்த எறும்பை ஸ்டிக்கராக ஒட்டுகிறோம்,
நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பொய்யை ஒட்டியபோதும் அதே ரேட்தான்.

இப்போது எதை வாங்கினாலும்
பின்பக்கம் திருப்பிப் படிக்கிறேன்.
பவுலின் கேலி செய்கிறாள்,
மாப்பிள்ளையை இப்படிப் பார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை சம்பளக் கவர்.
மேலே இரண்டாயிரத்து நூறு.
உள்ளே ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
அபராதப் பிடித்தம், எல்லாருக்கும்தான்,
என்றார் எத்திராஜுலு.

எல்லாரும் போனபின்
புது முத்திரைத் தராசில் கவரை வைத்தேன்.

பதினொரு கிராம்.

தராசில் ஒரு குறையும் இல்லை.