ஓரளவு

சத்துவாச்சாரியில் கூட்டம்.
மின்விசிறிக்குக் கீழே நாற்காலி பிடிக்க
எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.
பதினேழு கழுத்துகளில் பதினேழு விசில்,
ஒன்றும் ஊதவில்லை.

கேள்வி இதுதான்:
வாரத்தில் இரண்டு பி.இ.டி. வகுப்பு திரையில்,
ஒன்று மைதானத்தில். சம்மதமா?

அணைக்கட்டு எலியாசர் சார் எழுந்தார்.
"பாடிக்கொண்டு வருகிறவனின் மூச்சை
எந்த நெட்வொர்க்கில் பிடிப்பது?
பீஞ்சமந்தைக்கு நாம் ஏறினால்
சிக்னல் இறங்கிவிடுகிறது."
கை தட்டினோம்.

பேரணாம்பட்டு தஸ்லீமா டீச்சர் தட்டவில்லை.
"மைதானத்துக்கே வராத பிள்ளைகள்
திரைக்கு வந்தார்கள் சார்.
ஒருத்தி கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு
ஸ்கிப்பிங் ஆடுவாள்.
எனக்குத் தெரிந்தது ஒரு காலண்டர் மட்டும்.
கயிறு தரையில் படும் சத்தத்தை எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு."

ஆடியது அவள்தான் என்று எப்படித் தெரியும்,
பின்வரிசையில் ஒரு குரல்.

"மூச்சு வாங்கியது" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.
எனக்கு இரண்டு பக்கமும் வழக்கு.
குடியாத்தத்து மைதானம்
மார்ச்சிலேயே செருப்பைத் தாண்டிச் சுடும்.
சுண்ணாம்புக் கோடு போட்டு நிமிர்வதற்குள்
காற்று அதைப் பக்கத்து வீட்டுக் கொடித்துணிக்குக்
கொண்டுபோய்விடும்.
அந்த நாட்களில் திரை தேவலை என்று
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போனில் விசில் ஊதினால்
அந்தப் பக்கம் போய்ச் சேராது.
இரைச்சல் என்று முடிவுகட்டி
கருவியே அழித்துவிடுகிறதாம்.
இருபது வருடமாய் நான் சம்பாதித்த
ஒரே சத்தம்.

புவியரசிக்கு ஒற்றை அறை வீடு.
நைட் ஷிப்ட் முடிந்த அப்பா
அவள் காலடியில் தூங்குவார்.
குதி, என்றேன். குதித்தாள்.
தலை மேலே போனது, கீழே வந்தது.
பள்ளி திறந்த வாரம்
மணற்குழியில் அவள் இறங்கியபோதுதான் பார்த்தேன்:
முன்பாதம், மடங்கிய முழங்கால்,
அலமாரியிலிருந்து பூனை இறங்குகிற மாதிரி.
யாரம்மா சொல்லிக்கொடுத்தது?
"அப்பா எழுந்துடுவாரு மிஸ்."

நான் தொண்டை வற்றக் கத்தியும்
ஒரு பிள்ளைக்கும் வராத இறக்கம்.
இதை எந்தப் பதிவேட்டில் யார் பேருக்கு ஏற்றுவது?

அவளுடைய இடது கணுக்கால்
உள்பக்கம் சாய்வதைக் கண்டதும்
அந்தக் குழியருகேதான்.
மண்டியிட்டு, பாதத்தைக் கையில் பிடித்துத் திருப்பினேன்.
போனில் எட்டு மாதமும்
அவளுக்கு முழங்காலுக்குக் கீழே
ஒன்றுமே இருந்ததில்லை.

படிவம் வந்தது.
ஆம். இல்லை. ஓரளவு.
எலியாசர் சார் 'இல்லை'யில் தாள் கிழிய டிக் அடித்தார்.
தஸ்லீமா கட்டத்தைவிட்டு வெளியே வந்து
தாளைத் திருப்பிப்போட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.
நான் 'ஓரளவு' போட்டேன்.
எவ்வளவு என்று கேட்க அதில் இடமில்லை.

டீ, இரண்டு மேரி பிஸ்கட்.
மூன்று மணி நேரமாய்
ஒருவரும் எழுந்து கைகால் நீட்டவில்லை,
பதினேழு உடற்கல்வி ஆசிரியர்கள்.

வெளியே, யாரும் பார்க்காதபோது,
கடைசிப் படியிலிருந்து
சத்தமில்லாமல் குதித்துப் பார்த்தேன்.
முழங்கால் டக்கென்றது.