பத்து மணிச் சங்கு

முதலில் மூக்கைச் சரிசெய்தேன்.
விரலால் இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும்.
பிறகு கழுத்து, தோள், கண்ணின் நிறம்.
கடைசியில்
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டி
கையில்லாத ரவிக்கை ஒன்று வாங்கினேன்.
கோத்தகிரியில் பதினொரு மாதம் ஸ்வெட்டர் போடுகிறவளுக்கு
தன் முழங்கையே
எப்போதோ வந்துபோகும் விருந்தாளி.

பெயர் கேட்டது.
நெய்தல் என்று அடித்தேன்.
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஐந்து நிலங்களில்
எனக்கு ஆகத் தூரம் அதுதான்.

ஒன்பதரைக்குக் கடை ஷட்டரை இறக்கி
மாடிக்கு வந்தால்
போர்வைக்குள் கடற்கரை.
ஒரே அலைதான், திரும்பத் திரும்ப வரும்;
எண்ணியிருக்கிறேன், பதினேழு நொடி.
மணல் காலில் ஒட்டாது.
ஆகாயத்தில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.
நெருப்புக் கூந்தலோடு ஒரு பெண் வந்து
"யாராவது ஓசூரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும்.
நானும் அவனும் படகடியில்.

அவனுக்கு மான் தலை.
கோட்டு சூட்டு, மேலே கொம்பு.
"அதாவது, மனுச மூஞ்சி பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சுங்க."
அதாவது இல்லாமல் எந்தப் பேச்சையும்
தொடங்கத் தெரியாது அவனுக்கு.
தோஹாவில் இருப்பதாகச் சொன்னான்.
நான் வேளச்சேரி என்றேன்.
அவன் அங்கத்து வெயிலைச் சொல்வான்,
நான் இங்கத்துக் கொசுவை.
இரண்டு வருஷம்
ஒருவர் பொய்யை ஒருவர்
குளிராமல் பார்த்துக்கொண்டோம்.

ஆடியில், காற்று தகரத்தைப் பிடுங்கிய ராத்திரி,
டீ ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியது.
ஜன்னல் வழியே ஒரு முறை.
அரை நொடி கழித்து
ஹெட்ஃபோன் வழியே இன்னொரு முறை.
அதே சங்கு.
முடிவில் லேசாக விக்குமே, அந்த விக்கல் உட்பட.
தோஹாவில் விக்கியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாளிலிருந்து தெருவில் நடக்கத்தான் தெரியவில்லை.
கேரட் மூட்டை இறக்குகிறவன், வர்க்கி பொட்டலம் கட்டுகிறவன்,
கட்டபெட்டு பஸ்ஸில் படியில் தொங்குகிறவன்,
எல்லார் தலைக்கு மேலும் கொம்பு தேடினேன்.
ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டேன்,
என் முழங்கையை இந்த ஊரில் ஒருவன் பார்த்துவிட்டதுபோல.
அது என் முழங்கைகூட இல்லை.

வியாழக்கிழமை. மழை.
கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.
குடையை வாசலில் உதறிவிட்டு ஒருவர் வந்தார்.
மங்கி குல்லா, ஈரக் கண்ணாடி,
ஐம்பது இருக்கும்.
"அதாவது, ஆதார்ங்க. ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர்ல."

வாங்கினேன்.
சட்டைப்பைச் சூடு அட்டையில் இருந்தது.
யாரும் சரிசெய்யாத முகம்,
கேமராவைப் பார்த்துத் திடுக்கிட்டபடி,
இழுக்கவோ தள்ளவோ வழியில்லாமல்.
பெயரின் பக்கம் கண் போவதற்குள்
கவிழ்த்து வைத்து மூடினேன்.
பின்கோடு மட்டும் தட்டுப்பட்டது. என்னுடையதேதான்.
மூடிக்கு அடியில் வெளிச்சம் நகர்ந்தது,
ஒருவர் முகத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே.

எவ்வளவு என்றார்.
குரல் கொடுக்காமல் நாலு விரலைக் காட்டினேன்.
தேவைக்கு மேல் ஒரு கணம்
விரலையே பார்த்தாரோ என்னவோ.
சில்லறையை மேஜையில் வைத்துவிட்டு
மழைக்குள் போனார்.

அன்று இரவு படகடியில்
"தோஹா எப்படி?"
"அதாவது, அனல்ங்க. வேளச்சேரி?"
"கொசு."
பத்தாக ஒரு நிமிஷம் இருந்தது.
மைக்கை அணைக்க விரலைக் கொண்டுபோனேன்.
அதற்குள் மான் தலைக்கு மேல்
சிவப்புக் கோடு விழுந்த சின்ன மைக்.
முந்திக்கொண்டான்.
அப்போதுதான் உறைத்தது:
அந்த ஆடி ராத்திரி
அவன் காதிலும் சங்கு
இரண்டு முறை ஊதியிருக்கும்.

நானும் அணைத்தேன்.
ஜன்னலில் மட்டும் அது ஊதி, விக்கி, ஓய்ந்தது.
பொம்மைகள் இரண்டும் கடலைப் பார்த்து நின்றன.
பதினேழு நொடி.
இன்னொரு பதினேழு.
இரண்டு கோடும் போயின.
அவர் இருமினார்,
ஈரக் குல்லாவைக் கழற்றாதவர்களின் இருமல்.
எது பேச்சு, எது இருமல் என்று
அந்த உலகத்துக்குத் தெரியாது.
மானின் வாய் திறந்து மூடியது,
ஏதோ சொல்லிவிட்டதுபோல.

"ம்" என்றேன்.