பூஜ்யம்

மதியம் ஒன்று இருபது.
கலாமாவில், என் திரையில்,
ஒரு மெகாவாட் மணியின் விலை: பூஜ்யம்.

இந்தப் பாலைவனத்தில் மழையை
இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.
வெயில் நாள் தவறுவதில்லை.
விலையில்லாத வெயில்.
விலைபோகாத வெயில்.

தெற்கே சாந்தியாகோவுக்குப் போகும் கம்பிகளில்
இனி இடமில்லை.
தொலைபேசி: "முப்பது குறையுங்கள், கோல்கே."
குறைக்கிறேன்.
பலகைகள் அசைவதில்லை,
சூரியனை ஏந்தியபடியே நிற்கின்றன.
இன்வெர்ட்டர் மட்டும் வாங்க மறுக்கிறது.
இதற்கு எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
'கொட்டியது'.
பால் பொங்கி வழிந்ததைப் போல
எண்ணை எழுதிக் கையெழுத்திடுவேன்.

இரவு எட்டுக்கு அதே திரையில்
நூற்றுப் பத்து டாலர்.
கடற்கரையில் நிலக்கரி எரியத் தொடங்கியிருக்கும்.
என் வீட்டு பில்லுக்கோ
மதியமும் தெரியாது, இரவும் தெரியாது.
பகலில் என் கையால் கொட்டியதை
மாதக் கடைசியில் முழு விலைக்கு வாங்குகிறேன்.

மார்ச்சில் நாற்பது வெள்ளைப் பெட்டிகள் வந்தன,
லாரி லாரியாக, பேட்டரிகள்.
பூட்டியே கிடந்தன எட்டு மாதம்.
அவை விற்பவையா வாங்குபவையா என்று
சட்டத்துக்கு இன்னும் பிடிபடவில்லை.
நிரப்பும்போது ஒரு கட்டணம்,
இறக்கும்போது இன்னொன்று;
யார் திறப்பார்கள்?

அமைச்சகத்திலிருந்து இபகாச்சே வந்தார்,
புதுக் காலணியில் உப்புத்தூள் படிய.
"சிக்கல் இதுதான்,
சும்மா காத்திருப்பதற்கும் கூலி கொடுக்க வேண்டும்.
அதை எப்படி எழுதுவது?"
"இரவுப் பணியில் எனக்கு
வேறெதற்குக் கொடுக்கிறார்கள்?" என்றேன்.
சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

விதி வந்தது. என் வாக்கியம் அதில் இல்லை.
ஐந்து மணி நேரம் தாங்கினால் முழுத் தொகை,
குறைந்தால் குறையும், மூன்று இணைப்புகள்.
முதல் இரவு, எட்டு ஏழுக்கு,
மதியத்தை இறக்கினோம்.
நூற்றுப் பத்து தொண்ணூற்று நான்கானது.
திரை பிழையோ என்று
இன்னொரு திரையிலும் பார்த்தேன்.

அடுத்த பில்லில் மாற்றமில்லை.
கட்டண மறுஆய்வு அடுத்த ஆண்டாம்.

விடுமுறை நாளில், ஒன்றரை மணிக்கு,
துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டேன்.
மீட்டருக்கு எந்நேரமும் ஒன்றுதான்.
"மண்காற்று வரும் நேரத்திலா?" என்றாள்
பக்கத்து வீட்டு எர்மின்டா.
வந்தது. சட்டைக் கழுத்தெல்லாம் மண்.
ஆனால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டன.
அந்த வெயிலை
எந்தக் கட்டத்திலும் நான் எழுத வேண்டியிருக்கவில்லை.