ஷிஃப்ட் கொப்பி

பஸ்மினா எழுதியிருந்தாள்:
'மீன்தொட்டியில் மணல் சிவந்து கிடக்கிறது.
இரவில் என்னதான் செய்கிறீர்கள்?'

பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மணல் அரிசிமா வெள்ளை.
கோமாளி மீன் இரண்டும்
ஒன்றில் ஒன்று சாய்ந்து அசையாமல்.
எழுதினேன்:
'மணல் வெள்ளை. கண்ணைக் காட்டவும்.'

கார்த்திகை.
வாடைக்காற்று தகரத்தைப் பிய்க்கிற மாதம்.
உப்புவெளியில் எங்கள் விடுதியின்
பதினொரு அறைகளில் ஒன்றில்தான் ஆள்,
மழை விடுமென்று காத்திருந்த ஒரு பல்கேரியன்.
வேறு வேலை என்ன,
இரண்டு வாரம் கொப்பியில் சண்டை பிடித்தோம்.

'பன்னிரண்டு மணிக்கு வந்து பாருங்கள்.
சிவப்பாய்ப் போர்த்திருக்கும்,
மேலே முத்து முத்தாய்க் காற்றுக் குமிழ்.'
'பன்னிரண்டுக்குப் பார்த்தேன். ஒன்றுமில்லை.'
'நான் சொன்னது பகல் பன்னிரண்டு.'

அவளை நான் கண்டதில்லை.
நான் ஆறரைக்குச் சாவியை உபாலியிடம் கொடுப்பேன்,
அவள் கிண்ணியா பஸ்ஸில் எட்டுக்கு வாங்குவாள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
வலப்பக்கம் சாய்கிற கையெழுத்து,
பச்சை மை.

ஒருநாள் பாலையூற்றில் வெள்ளம்.
வீட்டுக்குப் போகவில்லை.
கிண்ணியா பஸ்ஸும் வரவில்லை.
வரவேற்பறை சோபாவில் விழித்தபோது
பதினொன்றரை, தொட்டி விளக்கு உச்சத்தில்,
மணல் சிவந்திருந்தது.

ஆறிய தேநீரின் ஆடை மாதிரி.
இல்லை, அதைவிடத் தடிப்பு.
கை விட்டேன்,
ஒரு சாண் கிழிந்து வந்தது, வழவழவென்று,
மழையில் நனைந்த சாக்கின் மணத்தோடு.
விளக்கை அணைத்துவிட்டு
முன்னால் குந்திக்கொண்டிருந்தேன்.
நாலு மணிக்குள் சிவப்பு இளகி
இருட்ட முன்னம்
மணல் என் மணலாகிவிட்டது.

அவள் பொய் சொல்லவில்லை.
நானும்தான்.

பவளம் அனுப்பிய கொழும்புக்காரனுக்குப் போன் அடித்தேன்.
'அது பாசியே இல்லை, பாசிக்கும் மூத்த சாதி.
தீன் கூடினால் கிளம்பும்.
நாளுக்கு எத்தனை தரம் போடுறீங்க?'
'ஒரு தரம்' என்றேன்.
சும்மா கொப்பியிலும் கேட்டு வைத்தேன்.
பச்சை மையில் பதில்: 'ஒரு தரம்.'

விடிய ஆறுக்கு என் கை.
எட்டரைக்கு அவள் கை.
இரண்டு பேருக்கும்
மூன்று நாள் பட்டினி நடித்திருக்கின்றன
அந்தக் கோமாளிகள்.

அதன்பிறகு சண்டையில்லை, வேலை.
ரப்பர் குழாயால் அவள் பகலில் உறிஞ்சி எடுத்தாள்.
ஒருதரம் வாய்க்குள் வந்துவிட்டதாம்,
எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.
அலை எட்டாத வலது மூலைக்கு
நான் பம்பைத் திருப்பினேன்.
ஐம்பது அடியில் கடல்,
ஆனால் ஊர் வாய்க்கால் எல்லாம் அந்த மாதம் அதற்குள்தான்.
உப்புவெளியில் இருந்துகொண்டு
வாளி உப்பு வாங்கி
வடித்த நீரில் கரைத்தோம்.

பிறகு மூன்று நாள் இருட்டு.
ஏழாம் அறைப் போர்வை இரண்டு,
மேலே கறுப்புப் பொலித்தீன்.
'யாரும் தூக்கிப் பார்க்க வேண்டாம்.'
'நான் பார்க்கவில்லை. நீங்கள்?'
'ஒரு தரம்.'

பல்கேரியன் மட்டும் கேட்டான்,
உள்ளே யாராவது செத்துவிட்டார்களா என்று.
இரண்டு நத்தை, என்றேன்.

நாலாம் நாள் நடுப்பகலில்
மணல் வெள்ளை என்று
பச்சை மையில் படித்தேன்.

இப்போது மாசி. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.
தீன் ஒற்றை நாள் அவள், இரட்டை நாள் நான்.
நேற்று எழுதியிருந்தாள்:
'கல்லுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் குத்தியளவு சிவப்பு.'
டோர்ச் எடுத்துக்கொண்டு போனேன்.
பாதியில் நின்று
திரும்பி வந்து எழுதினேன்:
'சரி. குழாய் படிக்குக் கீழே இருக்கிறது.'