நாக்கு நனைய மட்டும்

இரவு ஒன்றே முக்கால்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஆண்கள் அறுவைப் பிரிவு.
பதினேழாம் கட்டில் தண்ணீர் கேட்கிறது.
கோட்டுப் பையில் செல் ஒருமுறை துடிக்கிறது:
புளியங்குடிக்கு மேற்கே, மலையடிச் செவலில்
என் ஒன்றரை ஏக்கர் எலுமிச்சையும்
தண்ணீர் கேட்கிறது.

அரையடியில் ஈரம் பதினொன்று. சிவப்பு எழுத்து.
ஒன்றரை அடியில் பதினாறு.
'பாய்ச்சவும்' என்கிறது திரை,
வியங்கோளில், மரியாதையாக.
கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான்.
தொட்டால் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால்
மோட்டார் முனகிக்கொண்டு எழும்.
த்ரீபேஸ் மூன்று மணிவரை உண்டு.
கிணற்றில் இன்று என் முறை.
எல்லாம் கூடி வந்திருக்கிறது.

தொடவில்லை.

பூ வேண்டுமென்றால் புரட்டாசியில் காயப்போட வேண்டும்,
இலை சுருண்டு, காம்போடு தொங்கி,
இனிப் பிழைக்கமாட்டோம் என்று மரமே நினைக்கும்வரை.
அப்புறம் ஒரு நனைப்பு. கொத்துக் கொத்தாய் வெள்ளை.
சித்திரையில் மூட்டை என்ன விலை போகுமென்று
சென்சாருக்கு யார் சொல்லிவைப்பது?
இன்னும் நாலு நாள் என்பது என் கணக்கு.
சரியா என்று தெரியாது.
போன வருடம் கணக்குத் தப்பி
ஒன்பது மரம் விறகாச்சு.

பதினேழு, ராயப்பன். உவரிக்காரர்.
ஊர்ப்பேரிலேயே உப்பு.
குடல் வெடித்து வந்து, தைத்து மூன்றாம் நாள்.
"சிஸ்டர், ஒரு மடக்கு."
"காத்து பிரிஞ்சுதா?"
"இல்ல."
"அப்போ கிடையாது."
வயிற்றில் குழல் வைத்துக் கேட்கிறேன்.
மோட்டார் ஓடாத கிணறு மாதிரி இருக்கிறது.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினால்
கடித்து உறிஞ்சப் பார்க்கிறார்.
கெட்டிக்காரர்.

புறங்கைத் தோலைக் கிள்ளி விடுகிறேன்;
கூடாரம்போல் நின்று, மெல்லப் படுக்கிறது.
விடுப்பு நாளில் மண்ணையும் இப்படித்தான்
பிடித்து உருட்டிப் பார்ப்பேன்.
மீதி ஆறு நாளும்
கம்பி சொல்வதை நம்புகிறேன்.
சலைனை நிமிடத்துக்கு இருபத்தெட்டுச் சொட்டில் நிறுத்துகிறேன்.
அங்கேயும் குழாய்தான், அங்கேயும் சொட்டுதான்.

இரண்டு நாற்பது.
பதினொன்று பதினெட்டாகிறது.
இருபத்தாறு.
மோட்டார் ஓடவில்லை. மழை இல்லை.
ஒன்றரை அடி அதே பதினாறில் நிற்கிறது.
குழாய் உடைந்ததா, பன்றி உருட்டியதா,
பெரியப்பா மகன் வரப்பை வெட்டிவிட்டானா
(சந்தேகத்துக்கு முதலில் வந்து நிற்பது சொந்தம்தான்).

பன்றிக் காவலுக்குப் படுத்திருக்கும்
உச்சிமாகாளியைக் கூப்பிடுகிறேன்.
"ஒண்ணுமில்லக்கா."
"உள்ளதைச் சொல்லுல."
"அந்தப் பெட்டியில செவப்பு லைட்டு
மினுக்கு மினுக்குன்னு மினுக்கிட்டே கெடந்துச்சு.
பாக்கப் பாவமா இருந்துச்சு.
அந்த ஒரு மரத்துக்கு மட்டும்
ரெண்டு செம்பு ஊத்தினேன்."

நூற்றைம்பது மரம் வாடி நிற்க
எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லவேண்டிய ஒன்று
குடித்துவிட்டு நிற்கிறது.
இனி மூன்று நாளைக்குத் திரை
பச்சையில் பொய் சொல்லும்.
திட்ட வாயெடுத்துத் திரும்பினால்

கட்டிலருகே செலஸ்தீன்
சேலைத் தலைப்பில் எதையோ மறைக்கிறாள்.
கரண்டி. நுனியில் ஒரு துளி இன்னும் விழாமல்.
ராயப்பன் கண்ணை இறுக மூடித் தூங்குகிறார்,
உதடு மட்டும் பளபளக்கிறது.

"எத்தனை?"
"ரெண்டே ரெண்டு, சிஸ்டர்."

நோட்டில் எழுதவேண்டும்: வாய்வழி, பத்து மில்லி.
எழுதுகிறேன்.
இரண்டு செம்பு, தென்மேற்கு மூலை மரம்:
அதற்குச் செயலியில் கட்டம் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன்.

மூன்று மணி. த்ரீபேஸ் போய்,
பச்சைப் பொத்தான் தானே மங்குகிறது.
"யக்கா," செல் இன்னும் காதில்தான் இருக்கிறது,
"கம்பியப் புடுங்கி அடுத்த மரத்துல குத்தட்டுமா?"

"குத்து.
குத்திட்டு, அந்த லைட்டு மேல
ஒரு சிரட்டையைக் கவுத்து வையி."