இடப்பக்கக் கண்ணாடி

மூன்று புகைப்படங்கள்தான் கிடைத்தன.
மூன்றிலும் ஐம்பத்தெட்டாம் எண் கார்
வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டு ஓடுகிறது,
இடப்பக்கம் கடன்காரர் நிற்பதைப் போல.

நாற்பத்துமூன்றில் ஒன்று என் அளவு.
அப்படிச் சுருக்கினால்
ஓட்டுநரின் கையுறை ஓர் அரிசி,
கதவின் கைப்பிடி எறும்பின் முன்னங்கால்,
பின்பார்வைக் கண்ணாடி ஓர் எள்.
மழைதான் சுருங்க மாட்டேன் என்கிறது.
வெர்வியேயில் ஆண்டின் பாதி நாள்
சாயம் ஈரம் குடித்துப் பூத்துப்போகும்.
நீலத்தை மூன்று முறை சுரண்டி
நான்காம் முறை பூசினேன்.

வலது கண்ணாடி படத்தில் இருந்தது.
வலதில் உண்டென்றால் இடதிலும் உண்டு,
அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அந்த இடது எள்
பிப்ரவரியில் ஒரு செவ்வாய் இரவு
இடுக்கியின் நுனியிலிருந்து தெறித்தது.
விழுந்த சத்தம்கூட இல்லை.
தூசி உறிஞ்சியின் வாயில்
பழைய காலுறையை மாட்டி
சமையலறை முழுக்க மேய்ந்தேன்.
வந்தவை:
பூனை முடி,
ரொட்டித் துணுக்கு,
ஒடெலின் வீட்டைக் காலி செய்வதற்கு முன்
என்னைச் சந்தேகித்து அழுதாளே
அந்தத் தோட்டின் திருகாணி.

திருகாணியைத் தபாலில் அனுப்பினேன்.
பதில் வரவில்லை.

சாக்லேட் தாளின் வெள்ளியை வெட்டினேன்.
பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் இளக்கி
மயிரிழையாய் இழுத்துத் தண்டு செய்தேன்.
நான்கு கண்ணாடிகள் குருடு.
ஐந்தாவதில்
என் கூரை விளக்கு தெரிந்தது.
மூன்று வாரம்.

மால்மெடியில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
பச்சைத் துணி விரித்த மேசைகள்.
உறுமாத கார்கள் வரிசை வரிசையாய்.
பக்கத்து மேசை ரெமாக்ல்
துடைப்ப நாரை நறுக்கி
வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தான்,
அவற்றில் மோதி நின்ற காரை
யாரும் தொடக் கூடாது என்று
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்தினான்.

மதியம் ஒருவர் வந்தார்.
குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
இன்னும் குனிந்தார்.
கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"இது கிடையாது" என்றார்
இடப்பக்கத்தைக் காட்டி.

பெயர் நோர்பெர். அந்தக் காரின் மெக்கானிக்.
"இரவு பதினொன்றரை.
பெட்ரோல் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
என் இடுப்பு இடித்தது, கண்ணாடி போயிற்று.
சுவரில் உரசிவிட்டான் என்று
எல்லாரும் ஓட்டுநரைத் திட்டினார்கள்.
நானும் சேர்ந்து திட்டினேன்."

எனக்கு முதலில்
மூன்று வாரம்தான் ஞாபகம் வந்தது.
"இது பந்தயம் தொடங்குவதற்கு முன்பு நின்ற கார்,
கண்ணாடி இருக்கும்" என்றேன்.

அவர் மெல்ல விரலை நகர்த்தினார்:
நானே தூவிய புகைக்கரி,
முகப்பில் நானே நசுக்கிய பூச்சிகள்,
விளக்கில் பாதி உரிந்த நாடா.
"புறப்படும் முன்பே இவ்வளவு அழுக்கா?"

ரெமாக்ல் சிரித்தான், பாவி.

மெல்லிய கத்தியை எடுத்தேன்.
ஒரு நெம்பு.
எள் கத்தி முனைக்கு வந்தது.
"வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.
அவர் ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்தேன்.
கூடத்தின் விளக்குகள் அனைத்தும்
அதற்குள் ஒரு புள்ளியாய் நின்றன.

"கனமே இல்லையே" என்றார்.

அதைச் சொன்ன மூச்சிலேயே
அது பறந்துவிட்டது.

இப்போது
மேசைத் துணியைத் தூக்கிவிட்டு
இருவரும் தரையில் மண்டியிட்டிருக்கிறோம்.
அவருடைய முழங்கால்
கூடைப்பந்துக் கோட்டின் மேல்.
ஆங்காங்கே ஷூக்கள் விலகி வழிவிடுகின்றன.
"அசையாதீர்கள்" என்கிறார் எல்லாரையும்,
பழைய குரலில்,
கார் உள்ளே வரும்போது கத்துவார்களே
அந்தக் குரலில்.

நான் என் காலுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.